டெட்ராய்ட்டில் தோற்றவர் லாஸ் ஏஞ்சலஸில் வென்றது எப்படி: ஒரு குவார்ட்டர்பேக்கை எடைபோடுதல்

கேள்வி இது: அமெரிக்கக் கால்பந்தில் மாத்யூ ஸ்டாஃபோர்டு டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக 12 பருவங்கள் ஆடி பருவ முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்றான பிளே-ஆஃபில் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு மாறிய முதல் பருவத்திலேயே இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் கோப்பையை வென்றுவிட்டார். அப்படியானால் டெட்ராய்ட்டில் இருந்த ஸ்டாஃபோர்டு மதிப்புக் குறைந்தவரா? புள்ளிவிவரங்களை ஒதுக்கிவைத்துவிட்டால் ஒரு குவார்ட்டர்பேக்கை, அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் வீரரை, வேறு எதைக்கொண்டு எடைபோடுவது?

முதல் கேள்விக்கு என் பதில், இல்லை என்பதே. அவர் 2011ஆம் ஆண்டுப் பருவத்தில் டெட்ராய்ட்டுக்காக 16 ஆட்டங்களில் 5,038 யார்டுகள் எறிந்து 41 டச்டவுன்களும் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பவை) 16 இன்டர்செப்ஷன்களும் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்கள்) கண்டார். 2021ஆம் ஆண்டுப் பருவத்தில் ராம்ஸுக்காக 17 ஆட்டங்களில் 4,886 யார்டுகள், 41 டச்டவுன்கள், 17 இன்டர்செப்ஷன்கள். பத்தாண்டு இடைவெளியில் இரண்டு ஊர்களில் ஏறத்தாழ ஒரே கணக்கு. முதலாவது பருவம் பிளே-ஆஃபின் முதல் சுற்றிலேயே நியூ ஆர்லியன்ஸிடம் 45-28 என்ற தோல்வியில் முடிந்தது. இரண்டாவது கோப்பையில் முடிந்தது. எண்கள் இந்த இரண்டு பருவங்களையும் பிரித்துக் காட்டவே இல்லை. வெற்றிக் கணக்கோ அவற்றை மலைக்கும் மடுவுக்குமாகப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டும் அந்த மனிதரைப் பற்றிப் பிழையாகவே சொல்கின்றன. ஒரு பாஸின், அதாவது எறிந்த பந்தின், முடிவில் களத்தில் நிற்கும் பதினொருவருக்கும் பங்குண்டு. ஆனால் பந்து கையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிகளில் எதைக் கண்டார், எதைத் தேர்ந்தார் என்பது அவர் ஒருவருடையது. நான் எடைபோடுவது அந்தத் தேர்வைத்தான்.

இதைப் புரிந்துகொள்ள அவருடைய வேலையின் இயல்பைச் சற்றே விளக்க வேண்டும். ஒரு பிளே, அதாவது ஒரு தனி நகர்வு, முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 வினாடிகள் ஓடத் தொடங்குகின்றன. பயிற்சியாளரின் குரல் ஹெல்மெட்டுக்குள் உள்ள ஒலிபெருக்கி வழியாகக் குவார்ட்டர்பேக்குக்குக் கேட்கும். கடிகாரத்தில் 15 வினாடிகள் எஞ்சும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். அதன் பிறகு அவர் தனியாள். எதிரே நிற்பவர்களில் யார் தன்னை நோக்கிப் பாய்வார், யார் பின்வாங்கிக் காவல் காப்பார் என்பதை ஊகிக்கிறார். தன் தடுப்பு வரிசையினருக்கு யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று கையால் சுட்டிக் காட்டுகிறார். தேவைப்பட்டால் பிளேயையே மாற்றுகிறார். பந்து கைக்கு வந்த பிறகு கிடைப்பது சுமார் இரண்டரை வினாடி. கிரிக்கெட்டில் மட்டையாளர் எடுத்த ஓட்டம் பெரும்பாலும் அவர் மட்டையிலிருந்து வந்ததுதான். இங்கே 60 யார்டு பாஸ் என்று ஏட்டில் ஏறுவதில் 55 யார்டுகளை, பந்தைப் பிடிக்கும் வீரரான ரிசீவர் தன் காலால் ஓடிக் கடந்திருக்கலாம். அது முழுவதும் குவார்ட்டர்பேக் கணக்கில்தான் சேரும்.

இந்தப் பின்னணியோடு மிகப் பழக்கமான அளவுகோலான பாஸர் ரேட்டிங்கைப் பாருங்கள். இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 1973இல் ஏற்றுக்கொண்ட அந்தச் சூத்திரம் நான்கு விஷயங்களை மட்டும் எண்ணுகிறது: கைசேர்ந்த பாஸ்களின் விகிதம், ஒரு பாஸுக்குக் கிடைத்த யார்டுகள், டச்டவுன் விகிதம், எதிரணியிடம் சிக்கிய பாஸ்களின் விகிதம். உச்ச மதிப்பு 158.3. சாக், அதாவது பந்தை எறியாமலேயே எதிரணியிடம் பிடிபட்டு யார்டுகளை இழப்பது, அதில் இல்லை. ஓடி எடுத்த யார்டுகளும் இல்லை. இதிலிருந்து ஒரு வினோதமான விளைவு பிறக்கிறது. ஆபத்து நெருங்கும்போது பந்தை வெளியே எறிந்து அணிக்கு யார்டு இழப்பைத் தவிர்க்கும் குவார்ட்டர்பேக்கின் ரேட்டிங் குறைகிறது. பந்தைப் பிடித்துக்கொண்டே நின்று எட்டு யார்டு பின்னால் வீழ்த்தப்படுபவரின் ரேட்டிங்குக்கு ஒரு கீறலும் விழுவதில்லை. அணிக்கு நல்லது செய்தவர் தண்டனை பெறுகிறார், கெடுதல் செய்தவர் தப்பிக்கிறார். இந்த ஒரு குறையே அந்த அளவுகோலை நான் இரண்டாம் இடத்தில் வைக்கப் போதுமான காரணம்.

சூழ்நிலையையும் அது அறியாது. நான்கு வாய்ப்புகளில் பத்து யார்டு கடக்க வேண்டிய ஆட்டத்தில், மூன்றாவது வாய்ப்பில் 10 யார்டு தேவைப்படும்போது 6 யார்டு பாஸ் எறிவது ரேட்டிங்குக்கு நல்லது, அணிக்குப் பெரும்பாலும் பயனற்றது, ஏனென்றால் அடுத்த வாய்ப்பில் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டியிருக்கும். ஒரு யார்டு மட்டுமே தேவைப்படும்போது எறிந்த 2 யார்டு பாஸ் ஏட்டில் அற்பமானது. களத்தில் அது தாக்குதலை உயிரோடு வைத்திருக்கிறது. இந்தக் குறையைத் தீர்க்கவே ஒவ்வொரு பிளேயும் அணியின் எதிர்பார்ப்புப் புள்ளிகளை எவ்வளவு கூட்டியது அல்லது குறைத்தது என்று அளக்கும் முறைகள் பின்னர் வந்தன. அந்தச் சிந்தனையின் ஆரம்பத்தில் ஒரு குவார்ட்டர்பேக்கே இருந்தார் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் வர்ஜில் கார்ட்டர், ராபர்ட் மேக்கால் என்ற பேராசிரியரோடு சேர்ந்து 1971இல் களத்தின் ஒவ்வோர் இடத்திலும் பந்தை வைத்திருப்பதன் மதிப்பு எத்தனை புள்ளிகள் என்று கணக்கிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதே கார்ட்டரின் கைக்கு நீண்ட தூரம் எறியும் வலு இல்லாததால்தான், அப்போது சின்சினாட்டியில் துணைப் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷ் குறும்பாஸ்களைக்கொண்ட ஒரு தாக்குதல் முறையை அவருக்காக வடிவமைத்தார். அதுவே பின்னாளில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோ மொன்டானாவின் கையில் புகழ்பெற்று, லீக் முழுவதும் பரவி, எல்லாருடைய கைசேர்ந்த பாஸ் விகிதத்தையும் உயர்த்தியது. இன்று ஒருவர் 65 விழுக்காடு பாஸ்களைக் கைசேர்க்கிறார் என்றால் அதில் எவ்வளவு அவருடைய திறன், எவ்வளவு வால்ஷ் விட்டுச்சென்ற வரைபடம் என்பதை அந்த எண்ணிலிருந்து யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

பயிற்சியாளர் மாறினால் எண் எப்படி மாறும் என்பதற்கு ஸ்டாஃபோர்டுக்கு மாற்றாக டெட்ராய்ட் சென்ற ஜாரெட் கோஃபே சான்று. 2016இல், அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், முதல் தேர்வாக ராம்ஸுக்கு வந்தவர், தொடங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றார். 5 டச்டவுன்கள், 7 இன்டர்செப்ஷன்கள், ரேட்டிங் 63.6. அடுத்த ஆண்டு ஷான் மெக்வே தலைமைப் பயிற்சியாளரானார். அதே கோஃப் 28 டச்டவுன்கள், 7 இன்டர்செப்ஷன்கள், 100.5 என்று உயர்ந்தார். ஒரு கோடைக்காலத்தில் ஒருவருடைய கை அவ்வளவு மாறாது. மாறியது அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு.

எண்களை நம்பாதவர்கள் உடனே கோப்பைகளை எண்ணத் தொடங்குகிறார்கள். அதை நான் இன்னும் வலுவாக மறுக்கிறேன். டேன் மரீனோ 1984இல் 5,084 யார்டுகளும் 48 டச்டவுன்களும் எறிந்தார். அந்தக் காலத்தில் அவை நம்ப முடியாத எண்ணிக்கைகள். வாழ்நாளில் அவர் ஒரு கோப்பையும் வெல்லவில்லை. 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அணி 16 ஆட்டங்களில் எதிரணிகளுக்கு மொத்தம் 165 புள்ளிகளையே விட்டுக்கொடுத்த தற்காப்போடு கோப்பையை வென்றது. அந்த அணியின் குவார்ட்டர்பேக் டிரென்ட் டில்ஃபரை வெற்றிக்குப் பிறகு அதே அணி தக்கவைத்துக்கொள்ளவில்லை. கோப்பையை வென்ற அணியே அவருடைய பங்கு எவ்வளவு என்பதை அறிந்திருந்தது. பெய்ட்டன் மேனிங் 2013இல் டென்வருக்காக 5,477 யார்டுகளும் 55 டச்டவுன்களும் எறிந்து இரண்டிலும் சாதனை படைத்தார். சூப்பர் பௌலில் சியாட்டிலிடம் 43-8 என்று நசுங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, உடல் தளர்ந்து, 9 டச்டவுன்களும் 17 இன்டர்செப்ஷன்களுமாகத் தன் வாழ்வின் மிக மோசமான பருவங்களில் ஒன்றை ஆடினார். அந்தப் பருவத்தில்தான் டென்வர் தற்காப்பின் தோளில் ஏறிக் கோப்பையை வென்றார். கோப்பை மதிப்பின் அளவு என்றால் 2015இன் மேனிங் 2013இன் மேனிங்கைவிடச் சிறந்தவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளையும் பார்த்த எவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆகவே ஆட்டத்தையே பார்க்க வேண்டும். அதுவும் தொலைக்காட்சி காட்டும் கோணத்தில் மட்டும் பார்த்தால் போதாது. தொலைக்காட்சிப் படக்கருவி பந்தைத் தொடர்கிறது. ஆழத்தில் யார் காவலின்றி ஓடிக்கொண்டிருந்தார், குவார்ட்டர்பேக் எதைப் பார்க்கத் தவறினார் என்பது சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. 22 வீரர்களும் ஒரே சட்டகத்தில் தெரியும் படப்பதிவை என்.எஃப்.எல். 2012 முதல் சந்தா செலுத்தும் ரசிகர்களுக்கும் திறந்துவிட்டது. அதைப் பார்க்கத் தொடங்கிய பிறகு பல வீரர்களைப் பற்றிய என் கருத்தே மாறியது. 2019 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் ராம்ஸ் அணி நியூ இங்கிலாந்திடம் 13-3 என்று தோற்றது. மூன்றாவது கால்பகுதியில் ராம்ஸின் ரிசீவர் பிராண்டின் குக்ஸ் எண்ட் ஸோனில், அதாவது பந்தைப் பிடித்தால் டச்டவுனாகும் பகுதியில், தனியாக நின்றார். கோஃப் அவரைத் தாமதமாகவே கண்டார். பந்து போய்ச் சேர்வதற்குள் எதிரணியின் ஜேசன் மெக்கோர்ட்டி குறுக்கே ஓடிவந்து தட்டிவிட்டார். ஏட்டில் அது கைசேராத ஒரு பாஸ், பந்தை வேண்டுமென்றே வெளியே எறிந்ததற்கும் அதற்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. களத்தில் அது கோஃப் அன்றைக்குச் செய்த மிகப் பெரிய பிழை. கை பிழை செய்யவில்லை, கண்தான் பிந்தியது.

அதற்கு நேர் எதிரான ஒன்றை 2022 ஜனவரியில் டாம்ப்பாவில் ஸ்டாஃபோர்டு செய்தார். 27-3 என்று முன்னிலையில் இருந்த ராம்ஸை டாம் பிரேடியின் அணி துரத்திப் பிடித்து 27-27 என்று சமன் செய்துவிட்டது. எஞ்சியிருந்தது 42 வினாடி. கைநழுவிய முன்னிலையின் பாரம் முழுவதும் அந்த நேரத்தில் ஒரு குவார்ட்டர்பேக்கின் மனத்தின் மேல் உட்காரும். எதிரணி, ஆழத்தில் உதவிக்கு ஆள் வைக்காமல், பெருங்கூட்டமாக அவரை நோக்கிப் பாய்ந்தது. பாய்ந்து வருபவர்களை எண்ணிய மாத்திரத்தில், பின்னால் தன் ரிசீவர் கூப்பர் கப் ஒரே ஒரு காவலரோடுதான் இருப்பார் என்று ஸ்டாஃபோர்டு அறிந்திருக்க வேண்டும். அடி விழப்போவது தெரிந்தே காலை ஊன்றி எறிந்தார். 44 யார்டு. அடுத்து மேட் கே கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி எடுத்த ஃபீல்டு கோல், 30-27. அந்த எறிதலின் தூரத்தை ஏடு சொல்லும். அதில் நான் மதிப்பது, ஆபத்தையே தகவலாகப் படித்த அந்த ஒரு கணத்தை.

இன்டர்செப்ஷன்களையும் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2022 பிப்ரவரியில் சின்சினாட்டியை 23-20 என்று வென்ற சூப்பர் பௌலில் ஸ்டாஃபோர்டுக்கு இரண்டு இன்டர்செப்ஷன்கள். ஒன்று, நீண்ட தூரத்துக்கு எறிந்து எதிரணியின் எண்ட் ஸோனில் பிடிபட்டது. முடிவு அவருடைய பொறுப்பு, ஆனால் சேதம் பந்தை உதைத்துக் கொடுத்ததைவிட மிக அதிகமில்லை. இன்னொன்று ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்து எதிரணியிடம் போனது. ஏட்டில் இரண்டும் ஒன்றே. இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரான ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில், அணி 17-14 என்று பின்தங்கியிருந்தபோது ஸ்டாஃபோர்டு எறிந்த ஒரு மோசமான பந்து எதிரணியின் ஜக்விஸ்கி டார்ட்டின் கைக்கு நேராகப் போனது. டார்ட் அதைத் தவறவிட்டார். ராம்ஸ் 20-17 என்று வென்றது. அந்தப் பந்து பிடிபட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது; ஸ்டாஃபோர்டு இன்னும் ‘பெரிய ஆட்டத்தில் தோற்பவர்’ என்றே அழைக்கப்பட்டிருப்பார். பிடிபடாத அந்த இன்டர்செப்ஷனை நான் அவர் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். கையில் பட்டுத் தெறித்ததை எழுதுவதில்லை. ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு பிளேயையும் பார்த்து மதிப்பெண் இடுவதும் இதே எண்ணத்தில்தான். மதிப்பிடுபவரின் ஊகம் அதில் கலந்திருக்கும் என்றாலும், முடிவை விட்டுச் செயலை மதிப்பிட முயல்வதால் அதை நான் மதிக்கிறேன்.

எண்களுக்கும் மதிப்புக்கும் உள்ள இடைவெளியை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்ப்பதுபோலப் பார்க்கக் கிடைத்த அரிய வாய்ப்பு டாம்ப்பா பே பக்கனியர்ஸ். 2019இல் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டன் 5,109 யார்டுகள் எறிந்தார். அந்த ஆண்டு லீக்கில் அவரைவிட அதிகம் எறிந்தவர் யாரும் இல்லை. 33 டச்டவுன்கள், 30 இன்டர்செப்ஷன்கள். அவற்றுள் ஏழு எதிரணியால் நேரடியாக டச்டவுனாகத் திருப்பப்பட்டன. அணி 7-9, அதாவது ஏழு வெற்றி, ஒன்பது தோல்வி. அடுத்த ஆண்டு அதே தலைமைப் பயிற்சியாளர் புரூஸ் ஏரியன்ஸ், அதே முதன்மை ரிசீவர்கள் மைக் எவன்ஸும் கிரிஸ் காட்வினும். குவார்ட்டர்பேக் மட்டும் 43 வயதான பிரேடி. அவர் எறிந்தது 4,633 யார்டுகள், வின்ஸ்டனைவிட ஏறத்தாழ 480 குறைவு, இன்டர்செப்ஷன்கள் 12. அணி 11-5 ஆனது, கான்சஸ் சிட்டியை 31-9 என்று வென்று கோப்பையை எடுத்தது. ராப் கிரான்கவ்ஸ்கி போன்ற புதியவர்கள் சேர்ந்ததையும், தற்காப்பு முதிர்ந்ததையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. 30 முறை பந்தை எதிரணிக்குக் கொடுப்பவருடைய தற்காப்பு, தன் கோட்டுக்கு அருகிலேயே மீண்டும் மீண்டும் களமிறங்க வேண்டியிருக்கிறது. அதை 12ஆகக் குறைப்பவர் தன் அணியின் தற்காப்பையும் சிறந்ததாக்குகிறார், அந்த நன்மை எந்த ஏட்டிலும் குவார்ட்டர்பேக்கின் பெயருக்கு எதிரே எழுதப்படுவதில்லை.

யார்டுகளைப் பற்றி இன்னொன்று. ஸ்டாஃபோர்டு 2012இல் 727 முறை பாஸ் எறிந்தார். அதுவரை எவரும் ஒரு பருவத்தில் அத்தனை முறை எறிந்ததில்லை. 4,967 யார்டுகள் சேர்ந்தன, அணி 4-12. பின்தங்கிய அணிக்கு எறிவதைத் தவிர வழியில்லை. பெரும் யார்டுக் கணக்கு சில வேளைகளில் திறனைவிடத் தேவையையே காட்டுகிறது.

ஒருவர் இல்லாமல் போனால் அணி என்ன ஆகிறது என்று பார்ப்பது சிலர் சொல்லும் வழி. 2010இல் 10-6 என்றிருந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், கழுத்து அறுவைச் சிகிச்சைகளால் மேனிங் ஆட முடியாத 2011இல் 2-14க்கு வீழ்ந்தது. இதைவிடத் தெளிவான சான்று உண்டா என்று தோன்றும். ஆனால் 2007இல் 16-0 என்றிருந்த நியூ இங்கிலாந்து, 2008இன் முதல் ஆட்டத்திலேயே பிரேடி முழங்கால் காயத்தால் விலகிய பிறகும், பள்ளி நாட்களுக்குப் பின் குவார்ட்டர்பேக்காக ஓர் ஆட்டத்தையும் தொடங்கியிராத மேட் கேசலை வைத்து 11-5 எட்டியது. அப்படியென்றால் பிரேடியின் மதிப்பு மேனிங்கின் மதிப்பில் பாதிதானா? நான் அப்படிக் கருதவில்லை. கோல்ட்ஸ் தன் தாக்குதல் முழுவதையும் மேனிங் ஒருவரின் மூளையைச் சுற்றிக் கட்டியிருந்தது. அவர் கோட்டில் நின்று பிளேக்களை மாற்றுவதே அவர்களுடைய முறை. அந்த மனிதர் விலகியபோது முறையும் விலகிவிட்டது. நியூ இங்கிலாந்தில் முறை அணிக்குச் சொந்தமாக இருந்தது. இந்தச் சோதனை குவார்ட்டர்பேக்கை அளப்பதைவிட, அணி அவர் மேல் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதையே அளக்கிறது. சாய்வதற்கு ஒருவர் இடம்கொடுத்தார் என்பதும் ஒரு மதிப்புதான் என்பதால் இதை முற்றிலும் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை.

நெருக்கடி நேரத்தில் சிறப்பவர் என்ற பேச்சை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஒருவர் வாழ்நாளில் அப்படிப்பட்ட தருணங்கள் மிகச் சிலவே. அவற்றிலும் பாதி ஃபீல்டு கோல் உதைப்பவரின் காலில் இருக்கின்றன. இருந்தாலும் அந்தத் தருணங்களில் தேர்வுகள் கண்ணாடிபோலத் தெளிவாகத் தெரியும். 2002 பிப்ரவரியில் பிரேடியின் முதல் சூப்பர் பௌல். செயின்ட் லூயிஸ் ராம்ஸோடு 17-17. 1 நிமிடம் 21 வினாடி, கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் டைம்-அவுட் ஒன்றும் கையில் இல்லை, பந்து சொந்த 17 யார்டுக் கோட்டில். நேரத்தைக் கடத்திவிட்டுக் கூடுதல் நேர ஆட்டத்துக்குப் போவதே நல்லது என்று வர்ணனையில் ஜான் மேடன் சொன்னார். பிரேடி ஜே.ஆர். ரெட்மண்டுக்கு மூன்று குறும்பாஸ்கள், டிராய் பிரவுனுக்கு 23 யார்டு, ஜெர்மைன் விகின்ஸுக்கு 6 யார்டு என்று நகர்த்தினார். கடிகாரத்தை நிறுத்த இருமுறை பந்தைத் தரையில் அடித்தார். எட்டில் ஐந்து கைசேர்ந்தன, 53 யார்டு. உதைப்பாளர் வினட்டியெரி 48 யார்டிலிருந்து உதைத்து 20-17 ஆக்கினார். அந்த எட்டுப் பாஸ்களை மட்டும் எடுத்துச் சூத்திரத்தில் இட்டுக் கணக்கிட்டுப் பார்த்தேன். ரேட்டிங் ஏறத்தாழ 82 வருகிறது. இன்று லீக்கின் சராசரியே 90ஐ ஒட்டி இருக்கிறது. கைசேராத மூன்றில் இரண்டு, வேண்டுமென்றே தரையில் அடித்தவை; ஆட்டத்தை வென்றுகொடுத்த அந்த இரண்டு செயல்களையும் சூத்திரம் தோல்விகளாகவே எண்ணுகிறது.

களத்துக்கு வெளியே உள்ளதை எடைபோடுவதுதான் மிகக் கடினம். 1998 தேர்வில் மேனிங்குக்கும் ரயன் லீஃபுக்கும் இடையே யாரை முதலில் தேர்வது என்று உண்மையான விவாதம் நடந்தது. லீஃபின் கை வலுவானது என்றே பலர் கருதினர். அந்த முதல் ஆண்டில் மேனிங் 28 இன்டர்செப்ஷன்கள் எறிந்தார், அணி 3-13. அந்த எண்களை மட்டும் பார்த்தவர் அவரைக் கைவிட்டிருப்பார். அடுத்த ஆண்டு அணி 13-3. லீஃபோ மூன்று பருவங்கள் ஆடி 14 டச்டவுன்களும் 36 இன்டர்செப்ஷன்களுமாக விலகினார். ஒரே பிழையை இரண்டாம் முறை செய்யாமல் இருக்க ஒருவர் வாரம் முழுவதும் படப்பதிவின் முன் எப்படி உட்கார்கிறார் என்பது முதல் ஆண்டு எண்களில் தெரியாது. ஒரே வகைத் தற்காப்பை அவர் இரண்டாம் முறை சந்திக்கும்போது தெரியும். ஆகையால் இளம் குவார்ட்டர்பேக்கைப் பார்க்கும்போது பிழைகளின் எண்ணிக்கையைவிட அவை வகை மாறுகின்றனவா என்றே பார்க்கிறேன். புதிய பிழைகள் எனக்குக் கவலை தருவதில்லை.

சக வீரர்கள் அவருக்காக எவ்வளவு உழைப்பார்கள் என்பதும் இதில் சேரும். முந்தைய ஆண்டில் 0-16 என்று எல்லா ஆட்டங்களையும் தோற்ற அணிக்கு 2009இல் முதல் தேர்வாக வந்தார் ஸ்டாஃபோர்டு. அந்த நவம்பரில் கிளீவ்லாந்துக்கு எதிராகத் தோள் மூட்டு விலகிய நிலையில், மருத்துவர்களை விலக்கிக்கொண்டு களத்துக்குள் ஓடி, கடிகாரம் பூஜ்யமான பிறகு கடைசி டச்டவுனை எறிந்து 38-37 என்று வென்றார். இரண்டுமே சாதாரண அணிகள். ஆட்டத்தின் முடிவால் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆனால் தடுப்பு வரிசையில் நிற்கும் ஐந்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனக்காக அடிவாங்கும் ஐந்து பேரை ஒருவர் சம்பாதிப்பது இப்படித்தான்.

ஊதியமும் மதிப்பில் ஒரு பகுதியே. 1994 முதல் அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு இருப்பதால் குவார்ட்டர்பேக் பெறும் ஒவ்வொரு டாலரும் வேறொருவருக்குக் கிடைக்காத டாலர். இது ஆளை எடைபோடுவதைவிட ஒப்பந்தத்தை எடைபோடும் வேலை என்பதால் இங்கே நீட்டவில்லை.

ஸ்டாஃபோர்டுக்கே திரும்புகிறேன். ராம்ஸ் அவருக்காக கோஃபையும், 2022, 2023 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும், 2021இன் மூன்றாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்தது. டெட்ராய்ட்டில் 74 வெற்றி, 90 தோல்வி, 1 சமன் என்ற கணக்கோடு இருந்த ஒருவருக்கு இவ்வளவு விலையா என்று அப்போது கேட்டார்கள். அந்த விலையைக் கொடுத்தவர்கள் வாங்கியது, நெருக்கும் வரிசைக்கு முன்னால் நின்று கண்ணை மட்டும் ஒரு பக்கம் காட்டி வேறு பக்கம் எறியக்கூடிய ஒருவரை. சூப்பர் பௌலின் கடைசித் தாக்குதலில், 15 பிளே, 79 யார்டு நீண்ட அந்தப் பயணத்தின் நடுவே, பார்வையால் தற்காப்பாளரை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிட்டுப் பார்க்காத திசையில் கப்புக்கு எறிந்த பாஸை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. அந்தத் திறன் அவருக்கு டெட்ராய்ட்டிலும் இருந்தது. அதைப் பயன்படுத்திக் கடைசிப் புள்ளியை எடுக்கும் தூரத்துக்குள் அவரைக் கொண்டுபோய் நிறுத்தும் அணிதான் அங்கே இல்லை.

கோஃபுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 2024 ஜனவரி 14 அன்று டெட்ராய்ட்டில் இருவரும் எதிரெதிரே ஆடினார்கள். ஸ்டாஃபோர்டு 367 யார்டுகள், இரண்டு டச்டவுன்கள். கோஃப் 277 யார்டுகள், ஒன்று. லயன்ஸ் 24-23 என்று 32 ஆண்டுகளில் தன் முதல் பிளே-ஆஃப் வெற்றியைப் பெற்றது. ஆட்டத்தின் இறுதியில் பந்தைத் தக்கவைத்துக் கடிகாரத்தை முடிக்க டெட்ராய்ட்டுக்கு இன்னொரு முதல் டவுன், அதாவது பத்து யார்டைக் கடந்து பெறும் புதிய நான்கு வாய்ப்புகள், தேவைப்பட்டது. பாதுகாப்பாக ஓடிப் பார்க்காமல் எறியும் பிளேயை அணி கோஃபின் கையில் கொடுத்தது. அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்கு 11 யார்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் குக்ஸைத் தாமதமாகக் கண்ட அதே மனிதர். இந்த முறை பந்து நேரத்துக்குக் கையை விட்டுப் போயிற்று. ஸ்டாஃபோர்டுக்கு அதன் பிறகு பந்து கிடைக்கவே இல்லை.